பெங்களூரில் யாரும் தின்னாத வெங்காயம்

பேசிக்கொண்டே செய்யக்கூடிய வேலை என்று ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்கு வெங்காய ஷெட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். அதற்கு முன்னால் ஒரு கார்மெண்ட்ஸில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். அங்கே வாயைத் திறந்தால் சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். தன் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருப்பதைப் பக்கத்து மெஷின்காரி எனக்குச் சைகையில்தான் சொன்னாள். நான் அவளுக்குத்தான் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, வாசலில் எல்லோருக்கும் நடுவில் கையைப் பிடித்து வாழ்த்திவிட்டேன். அவள் ஒரு வாரம் என் பக்கம் திரும்பவில்லை. பேசவிட்டிருந்தால் இந்த வம்பு உண்டா?

ஷெட் பெங்களூர் நீலசந்திராவின் கடைசித் தெருவில் இருந்தது. எங்கள் முதலாளி கோலார் பக்கத்துத் தமிழர். வியாபாரத்தில் கன்னடம், வீட்டில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். வெங்காயத்தைப் பிரிக்க ஆட்களைத் தேடி அலைவதைவிட ஆள் இருக்கும் இடத்துக்கே வெங்காயத்தைக் கொண்டுவந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, எங்கள் தெருமுனையில் ஒரு பழைய கோடவுனை வாடகைக்குப் பிடித்தார். தரையில் மூங்கில் தட்டி பரப்பி, அதன்மேல் சரக்கைக் கொட்டினார். சுற்றி வட்டமாக உட்கார்ந்து வேலை செய்தோம், பெண்கள் மட்டும். வாய்க்குப் பூட்டு இல்லை.

அது சாதாரண வெங்காயம் இல்லை. ரோஸ் வெங்காயம் என்போம். கோலார், சிக்கபள்ளாபுரம் பக்கத்து மண்ணில் விளைவது. சாம்பார் வெங்காயத்தைவிடக் கொஞ்சம் பெரிது, பெரிய வெங்காயத்தில் பாதிகூட வராது. தட்டையாக, ரத்தச் சிவப்பாக இருக்கும். காரம் என்றால் அப்படி ஒரு காரம்; ஒன்றை உரித்தால் பக்கத்து வீட்டுக்காரி மூக்கைச் சிந்துவாள். பெங்களூர்க் கடைகளில் இதைப் பார்க்க முடியாது. மூட்டை மூட்டையாக மெட்ராஸ் துறைமுகம் போய், கப்பலேறி, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இறங்கும். அங்கே மிளகாயோடு சேர்த்து அரைப்பார்களாம். இந்த வெங்காயம் இல்லாமல் அவர்களுக்குக் கை ஓடாதாம். நான் பார்க்காத ஊர்களின் அம்மியில் என் கை பட்ட வெங்காயம் அரைபடுகிறது என்று நினைத்தாலே எனக்கு உடம்பெல்லாம் ஒரு குஷி.

வேலை இதுதான்: காய்ந்த கழுத்தைக் கிள்ள வேண்டும், உதிர்கிற தோலைத் தேய்த்து எடுக்க வேண்டும், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக வைத்து அளவு பார்க்க வேண்டும். பொடியை ஒரு பக்கம், பருத்ததை ஒரு பக்கம் தள்ள வேண்டும். முக்கியமானது ரெட்டை. மேலே ஒரே தோல், உள்ளே இரண்டு பல். அதைக் கப்பல் ஏற்றவே கூடாது. நடுவில் காற்றும் ஈரமும் புகுந்து, கப்பல் சூட்டில் முதலில் அழுகுவது அதுதான். தான் அழுகுவதோடு நிற்காமல் மூட்டையையும் அழுக வைக்கும். அதனால் ரெட்டையெல்லாம் எங்களுக்கு. சாயங்காலம் கிளம்பும்போது ஆளுக்கொரு மடி அள்ளிக்கொண்டு போகலாம் என்பது ஷெட்டின் வழக்கம். "மடி கொள்ற வரைக்கும்தான்" என்பார் முதலாளி. சனிக்கிழமைகளில் எல்லோரும் அகல முந்தானைச் சேலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு வருவோம். அவருக்கும் தெரியும். பார்க்காத மாதிரி இருப்பார்.

என் பக்கத்து இடம் ஆப்பாவுக்கு. வயதில் மூத்தவர், வீட்டில் தக்கணி உருது பேசுகிறவர், அதனால் எங்கள் எல்லோருக்கும் ஆப்பா, அதாவது அக்கா. அவர் வாயிலிருந்து விழுவதையெல்லாம் பொறுக்கிச் சேர்ப்பதுதான் எனக்கு அங்கே இரண்டாவது வேலை. நான் கார்மெண்ட்ஸ் கதையைச் சொன்னபோது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "வாயை மூடிக்கினு செஞ்ச வேலைக்கு டபுள் கூலி குடுத்திருக்கணும் பேட்டி, மவளே. ஒண்ணு கைக்கு, ஒண்ணு வாய்க்கு."

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதியில் ஒரு வருஷம் வெங்காய விலை நாடு பூராவும் தலைகால் தெரியாமல் ஏறியது. பெரிய வெங்காயத்தைக் கடைக்காரர் தராசில் வைக்கும்போது நகைக்கடையில் நிற்பதுபோல் எல்லோரும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றோம். வெளிநாட்டுக்கு அனுப்புவதால்தான் உள்ளூரில் தட்டுப்பாடு என்று, வெங்காய ஏற்றுமதியை அரசாங்கம் நிறுத்திவிட்டது. எந்த வெங்காயம் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. வெங்காயம் என்று பெயர் இருந்தால் போதும், நில். அந்தச் சமயம் எங்கள் ஷெட் நிறையச் சரக்கு, பிரித்து, வலைப்பையில் கட்டி, லாரிக்குத் தயாராக இருந்தது.

அரிசி மூட்டை என்றால் காத்திருக்கும். வெங்காயம் காத்திருக்காது, அதற்கு உயிர் இருக்கிறது. மழை ஈரம் கொஞ்சம் பட்டால் போதும், உச்சியில் பச்சையாக ஒரு மூக்கை நீட்டும். முளைவிட்டதைச் சிங்கப்பூர்க்காரன் தொடமாட்டான். முதலாளி எங்களை உட்காரவைத்து ஒளிக்காமல் சொன்னார்: இந்தச் சரக்கு கப்பல் ஏறினால் ஷெட் இருக்கும், இங்கேயே முளைத்தால் ஷெட்டை மூடிவிட்டுக் கோலாருக்கே போய்விடுவேன். எனக்குக் காதில் தையல் மெஷின் சத்தம் கேட்டது. மறுபடியும் அந்தக் காலர், மறுபடியும் அந்த முதுகுக்குப் பின்னால் நிற்கிற ஆள். நான் வாசலுக்குப் போய் நின்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

முதலாளி எம்.பி.யைப் போய்ப் பார்த்தார். அவர் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடுவார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆனால் அடுத்த வாரமே ஆள் ஷெட்டுக்குள் வந்து நின்றுவிட்டார், வெள்ளை வேட்டியும் தூசு படிந்த செருப்புமாக. வந்தவர் நாற்காலியைத் தொடவில்லை. குந்தி உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்துக் கட்டைவிரலால் தோலைத் தேய்த்து மோந்து பார்த்தார். வெங்காயம் போடுகிற குடும்பம்தான் அவரும் என்பது அந்தத் தேய்ப்பிலேயே தெரிந்துவிட்டது. பாதி கன்னடம் பாதி தமிழில் பேசிக்கொண்டே எங்கள் வட்டத்தைச் சுற்றிவந்தார்.

அவர் பேசினதை அப்படியே சொல்ல எனக்கு ஆசைதான், நீளும். சாரத்தைச் சொல்கிறேன். வெளிநாட்டில் ஒரு கடைக்காரன் தன் அலமாரியில் நம் சரக்குக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறான். ஒரு பருவம் நாம் அனுப்பாவிட்டால் அவன் அந்த இடத்தைக் காலியாக விட்டு உட்கார்ந்திருக்க மாட்டான். வேறு நாட்டு வெங்காயத்தை வைப்பான், அவன் ஊர்க்காரர்கள் நாக்கு அதற்குப் பழகிவிடும், அப்புறம் நாம் போய்க் கதவைத் தட்டினால் யார் நீ என்பான். ஏற்றுமதி என்றால் கப்பலும் காகிதமும் மட்டும் இல்லை, அந்தப் பழக்கத்தைக் காப்பாற்றுவதுதான். எனக்கு அது டக்கென்று பிடித்துப்போனது. என் பால்காரர் மூன்று மாதம் ஊருக்குப் போயிருந்தால் நான் வேறு ஆளிடம் பால் வாங்க ஆரம்பித்துவிட மாட்டேனா? அதேதான். சிங்கப்பூர் என்பதால் நாங்கள் கொஞ்சம் தூரத்துப் பால்காரர்கள்.

கிளம்பும்போது முதலாளியிடம் ஒரு கேள்வி கேட்டார். இந்த வெங்காயத்தை இங்கே உள்ளூரில் வாங்குகிறார்களா? முதலாளி, ஒருத்தரும் வாங்குவதில்லை சார் என்றார். அது சத்தியம். நாங்களும் தலையாட்டினோம். எம்.பி.யின் முகம் பளிச்சென்று ஆனது.

"ஆய்து, சரி. இதுதான் பாயிண்ட். பார்லிமெண்ட் கேள்வி நேரத்துல எழுந்து கேக்கறேன். டி.வி.யில வரும். நோடுறக்கா, பாருங்க."

அந்த நாள் வந்தது. முதலாளி தன் வீட்டு டி.வி.யை ஆட்டோவில் ஏற்றி, அது ஆடாமல் இருக்கத் தானே மடியில் அணைத்துக்கொண்டு வந்தார். மூட்டைகள் மேல் மூட்டை அடுக்கி அதன் உச்சியில் டி.வி. கூரைமேல் ஏறி ஆண்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தது என் வீட்டுக்காரர். ஆட்டோ ஓட்டுகிறவர், அன்று காலை சவாரியை விட்டுவிட்டார். "வந்துச்சா? வந்துச்சா?" என்று மேலேயிருந்து குரல். கீழே எங்களுக்கு முதலில் புள்ளிகள், பிறகு வளைவு வளைவான பெஞ்சுகள், பிறகு கோட்டுப் போட்ட ஒருவர் ரயிலைப் பற்றிப் பேசுவது. ரயில் முடிந்து டெலிபோன். டெலிபோன் முடிந்து எதுவோ. வெங்காயத்தைப் பிரித்துக்கொண்டேதான் பார்த்தோம், ஆனால் அன்று பிரித்ததில் எத்தனை ரெட்டை நல்ல பக்கம் போயிற்றோ, ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

திடீரென்று ஒருத்தி கத்தினாள், "நம்மாளு!" எம்.பி. எழுந்து நிற்கிறார். இங்கிலீஷில் ஆரம்பித்துவிட்டார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷை முடித்தவள் இல்லை. அச்சடித்த எதையும் படிக்காமல் விடமுடியாத வியாதி எனக்கு. அட்டைப்பெட்டி, மருந்துச் சீட்டு, பஜ்ஜி மடித்த பேப்பர் என்று பொறுக்கிச் சேர்த்த இங்கிலீஷ். அதை வைத்துக்கொண்டு எழுந்து நின்று, கிரிக்கெட் வர்ணனை மாதிரி அவிழ்த்துவிட்டேன். சிங்கப்பூர்ங்கறார். மலேசியாங்கறார். கொழும்புங்கறார். நம்ம ஊர் மண்ணுங்கறார். சின்ன விவசாயிங்கறார். மார்க்கெட் ஒரு தடவை போச்சுன்னா போச்சுங்கறார். மூட்டைமேல் கை தட்டிக்கொண்டே கேட்டார்கள், தூசு கிளம்பிப் பாதிப் பேருக்குத் தும்மல்.

"ஷெட்ல பொம்பளைங்க உக்காந்து பிரிக்கறாங்கன்னு சொல்றார்டீ!" என்றேன். அவ்வளவுதான். கோலார் தங்கவயலிலிருந்து வந்து சேர்ந்த ஒரு அக்கா முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டார், எங்கோ அந்தச் சபையிலிருந்து யாரோ அவரை எட்டிப் பார்த்துவிட்டது போல.

அடுத்த வரியில் எனக்கு நாக்கு தடுக்கியது. எம்.பி. கையை உயர்த்தி அழுத்திச் சொன்னார். நானும் சொல்ல வேண்டியதாயிற்று. "இந்த வெங்காயத்த பெங்களூர்ல யாருமே சாப்பிடறதில்லையாம். அதனால இத நிறுத்தறதால உள்ளூர்ல விலை எறங்காதாம்."

சபையில் எதிர்வரிசையிலிருந்து யாரோ ஏதோ சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மந்திரி எழுந்தார். இந்தி. இப்போது எல்லாத் தலைகளும் ஆப்பா பக்கம் திரும்பின. ஆப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், தலையை ஆட்டினார், மூடிய கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நல்ல கேள்வின்றார். யோசிக்கறோம்ன்றார். யாருமே திங்கறதில்லைன்னா ஆச்சரியமா இருக்குதுன்றார். அதனால ஆபீசர் ஒருத்தர அனுப்பறாராம். பெங்களூர்க்காரங்க திங்கறாங்களா இல்லையான்னு பாக்க."

வேறு கேள்விக்குப் போய்விட்டார்கள். முதலாளி டி.வி.யை அணைத்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. சுவரோரம் வரிசையாக எங்கள் டிபன் பாக்ஸ்கள். அத்தனையிலும் என்ன இருக்கிறது என்று அத்தனை பேருக்கும் தெரியும். ரெட்டை வெங்காயம் போட்ட காரக்குழம்பு. கத்தரிக்காயோடு ஒரு வீடு, முருங்கைக்காயோடு ஒரு வீடு, எதுவும் இல்லாமல் வெங்காயமே காயாக ஒரு வீடு. வருஷக்கணக்காக எங்கள் தெரு மொத்தமும் சாப்பிடுவது இதைத்தான்.

தங்கவயல் அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப நாம யாரு? பெங்களூர்க்காரங்க இல்லையா?"

முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. ஒருத்தரும் வாங்குவதில்லை என்றுதான் சொன்னார். நாங்கள் வாங்குவதில்லையே, மடியில் அள்ளிக்கொண்டுதானே போகிறோம்? அது டெல்லிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒருத்தரும் தின்பதில்லை என்று ஆகிவிட்டது. இனி ஆபீசர் வந்து எங்கள் அடுப்பை எட்டிப் பார்த்தால் முடிந்தது கதை. பெங்களூரில் தெருத்தெருவாகத் தின்கிறார்கள் என்று எழுதிவிடுவார். சரக்கு ஷெட்டிலேயே முளைக்கும்.

ஆபீசர் வந்து போகும்வரை இந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் ரோஸ் வெங்காயம் வேகக்கூடாது என்று முடிவாயிற்று. மடி வழக்கம் நின்றது. கேட்பதற்குச் சுலபம். பெரிய வெங்காயம் வாங்க யாரிடம் காசு? அதன் விலை ஏறித்தானே இந்த வம்பெல்லாம் வந்தது? ஆகவே தெருவே வெங்காயம் இல்லாமல் சமைத்தது. பருப்பு ரசம், புளிரசம், மோர், மறுபடியும் புளிரசம். என் வீட்டுக்காரர் தட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டெல்லியில ஒருத்தர் பேசினா என் தட்டுல குழம்பு காணாம போவுது. இதான் ஜனநாயகம் போல."

இரண்டு வாரம் தாக்குப்பிடித்தோம். ஷெட்டில் ரெட்டைக் குவியல் ஏறிக்கொண்டே போய் வாடையடிக்க ஆரம்பித்தது. நல்ல மூட்டைகளிலும் அங்கங்கே பச்சை மூக்கு. தினமும் காலையில் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதே ஒரு திகில். முளைத்ததைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி கட்டுவோம். ஆபீசரைக் காணோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷெட் லீவு, இன்றைக்கு யார் வரப்போகிறார்கள் என்று வீட்டில் மிஞ்சிக் கிடந்ததில் நான் ரகசியமாக ஒரு கைப்பிடி ரெட்டையை நல்லெண்ணெயில் போட்டேன். போட்ட பிறகுதான் தெரிந்தது, அந்த ரகசியத்தை அன்று எல்லா வீட்டிலும் செய்திருக்கிறார்கள். பதினொரு மணிக்குத் தெரு முழுக்கக் கமகமவென்று ஒரே வாசனை.

அந்த வாசனைக்குள்தான் ஆபீசர் நடந்து வந்தார். ஜீப் இல்லை, கூட ஆள் இல்லை. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, திறந்திருந்த என் வீட்டு வாசலில் நின்று, வெங்காய ஷெட் எங்கே என்று கன்னடத்தில் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியாதா? கையை மட்டும் நீட்டினேன். அவர் போகவில்லை. மூக்கை ஒருமுறை உறிஞ்சினார்.

"ஏன் அடிகே? என்ன சமையல்?"

பேச்சுக்கென்றே பிறந்தவள் என்று என்னைப் பற்றி என் அம்மா ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். அன்று நான் முதலில் மனசுக்குள் கணக்குப் போட்டேன். கத்தரிக்காய் என்று சொல்லிவிடலாம். முருங்கைக்காய் என்று சொல்லலாம். எதிர்வீட்டு வாசலில் ஆப்பா கரண்டியோடு வந்து நின்றுவிட்டார், அவர் வீட்டிலிருந்தும் அதே வாசனை. நான் ஒரு பொய் சொன்னால் தெரு முழுக்க வீட்டுக்கு வீடு பொய் சொல்ல வேண்டும். அத்தனை பேரும் ஒரே பொய்யைச் சொல்வார்களா? ஆளுக்கொன்று சொல்லி அத்தனையும் மாட்டிக்கொள்ளும். அந்த யோசனை ஓடி முடிவதற்குள் என் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"ரோஸ் வெங்காயம்தான் சார். நாங்க சாப்பிடறோம். கப்பல் வேணாம்னு தள்றத சாப்பிடறோம்."

உள்ளே ஓடி, முறத்தில் கிடந்த உரிக்காத ரெட்டைகளை எடுத்துவந்து அவர் முன்னால் நீட்டினேன். தோலைக் கிழித்து இரண்டு பல்லையும் பிரித்துக் காட்டினேன். நடுவில் ஈரம் எப்படி ஏறும், மூட்டை எப்படி அழுகும், ஏன் இதைத் தள்ளுகிறோம், தள்ளினதை யார் எடுத்துப்போகிறார்கள், எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். மடி வழக்கத்தைச் சொன்னேன். சனிக்கிழமைச் சேலையைக்கூடச் சொல்லிவிட்டேன். ஆப்பா எதிரேயிருந்து கண்ணால் அதட்டினார்.

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. முறத்திலிருந்து ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு, கொஞ்சம் சாப்பிட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். நான் ஸ்டூலைப் போட்டேன். தட்டில் சோறும் குழம்பும் வைத்தேன். அவர் அரைகுறையாக வெந்த ஒரு வெங்காயத்தைக் கடித்தார். கண் சிவந்தது, மூக்கு ஒழுகியது, காது வரை வியர்த்தது. இருந்தாலும் தட்டை வழித்துச் சாப்பிட்டார். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

"இத பெங்களூர்ல யாரும் தின்றதில்லன்னு எழுதினா சுள்ளு, பொய். எல்லாரும் தின்றாங்கன்னு எழுதினா அதுவும் பொய். நான் ஏன் பரீலி? என்னன்னு எழுதறதம்மா?"

எதிர்வீட்டிலிருந்து ஆப்பா பதில் சொன்னார். "பிரிக்கறவங்க திங்கறாங்கன்னு எழுதுங்க சாப். மிச்சமா நிக்கறத."

அவர் எழுந்து, தெருமுனை மளிகைக் கடைக்கு நடந்தார். நானும் ஆப்பாவும் பின்னாலேயே ஓடினோம். ரோஸ் வெங்காயம் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டார். கடைக்காரருக்கு ஆள் யாரென்று தெரியாது.

"அத யாரு சார் காசு குடுத்து வாங்குவாங்க? இந்தத் தெருவுல எல்லா வீட்லயும் சும்மாவே கெடக்குது. நான் வெச்சா முளைச்சு மரமாத்தான் நிக்கும்."

அந்தப் பதிலில் எங்களைக் காப்பாற்றுகிற பாதியும் இருந்தது, கவிழ்க்கிற பாதியும் இருந்தது. அவர் எந்தப் பாதியைக் கேட்டார்? அடுத்த தெருக் கடையிலும், அதற்கடுத்த தெருக் கடையிலும் கேட்டார். அங்கெல்லாம் அது என்ன வெங்காயம் என்று திருப்பிக் கேட்டார்கள். பிறகு ஷெட்டைத் திறக்கச் சொல்லி மூட்டைகளைப் பார்த்தார். முதலாளி சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். ஆபீசர் இரண்டே வார்த்தை சொன்னார், 'நோடோணா, பார்க்கலாம்.' போய்விட்டார். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் திட்டும் இருந்தது, கும்பிடும் இருந்தது. நான் சேலையைச் சொன்னது அவர் காதுக்கு வந்துவிட்டிருந்தது.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. காலையில் ஷெட்டுக்குள் காலை வைத்ததும் யாரும் யாரிடமும் சௌக்கியம் கேட்பதில்லை, மூட்டையைத்தான் கேட்போம். வீட்டிலிருந்து பழைய டேபிள் ஃபேன்களைத் தூக்கிக்கொண்டு வந்து வெங்காயத்துக்குக் காற்று காட்டினோம். எங்கள் வீட்டில் ஆட்கள் விசிறியால் விசிறிக்கொண்டார்கள். "பெத்த புள்ளைக்குக்கூட இவ்ளோ காத்து வெச்சதில்ல" என்றார் தங்கவயல் அக்கா. முளைத்ததைப் பிடுங்கப் பிடுங்க மூட்டைகள் மெலிந்துகொண்டே வந்தன.

ஒரு முற்பகல் முதலாளியின் மேஜைமேல் டெலிபோன் அடித்தது. அவர் எடுத்து, எழுந்து நின்று, 'ஹௌது சார், ஹௌது சார்' என்று ஆமாம் போட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் கைகள் வெங்காயத்தின்மேல் அப்படியே நின்றன. அவர் ரிசீவரைப் பொத்தாமலே எங்களிடம் திரும்பிச் சொன்னார்: அனுமதி வந்துவிட்டது. இந்த ரோஸ் வெங்காயத்துக்கு மட்டும். மெட்ராஸ் துறைமுகம் வழியாக மட்டும். குறிப்பிட்ட அளவு மட்டும். இந்த மாதக் கடைசி வரைக்கும் மட்டும். ஒவ்வொரு 'மட்டும்' வரும்போதும் நாங்கள் கூவினோம். அத்தனை மட்டும் போட்டும் அது எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

பேசியது எம்.பி.தான். டி.வி. பார்த்து மொழிபெயர்த்த அக்காவிடம் கொடு என்றாராம். வெங்காய மண் ஒட்டிய கையால் ரிசீவரை வாங்கினேன்.

"ஏனக்கா, நான் ஹௌஸ்ல பேசினது தப்பாமே? நீங்கெல்லாம் சாப்பிடறீங்களாமே?"

"சாப்பிடறோம் சார். எங்கள பெங்களூர்க் கணக்குல சேக்காம விட்டுட்டீங்க."

"ஓட்டு இருக்குதா உங்களுக்கு?"

"தெருவுக்கே இருக்குது சார்."

"அப்ப பெங்களூர்க்காரங்கதான்" என்று அவர் சிரித்த சிரிப்பு பக்கத்தில் நின்ற ஆப்பாவுக்கும் கேட்டது.

அப்புறம் எங்களுக்கு நிற்க நேரமில்லை. கட்டிய மூட்டை அத்தனையையும் அவிழ்த்து, முளை கண்டதைக் கழித்து, மறுபடி கட்ட வேண்டும். கப்பல் எங்களுக்காக நிற்காது. ஷெட்டுப் பெண்கள் போதவில்லை. தெருவையே கூப்பிட்டோம். மாமியார் மருமகள், சண்டை போட்டுப் பேசாமல் இருந்த இரண்டு ஓரகத்திகள், சவாரியை விட்டுவிட்டு வந்த ஆட்டோக்காரர்கள். ஆண்களுக்கு இந்த வேலை தெரியவே தெரியாது. விரல் வளையத்தை ஆளுக்கொரு அளவில் பிடித்தார்கள். பொலபொலவென்று கண்ணீர் விட்டுக்கொண்டு, ரெட்டை எது ஒற்றை எது என்று தெரியாமல் முழித்தார்கள். என் வீட்டுக்காரர் சட்டைக் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கல்யாணத்தன்றுகூட இப்படி அழவில்லை என்றார். அன்றைக்கே அழுதிருந்தால் எனக்கு முன்கூட்டியே எச்சரிக்கையாவது கிடைத்திருக்கும் என்றேன். சிரிப்பில் ஷெட் அதிர்ந்தது.

அத்தனை பேர் பேச்சும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தமிழும் கன்னடமும் தக்கணியும் கலந்து, அது ஒரு திருவிழா. நான் யார் பேச்சைப் பொறுக்குவது என்று தெரியாமல் திணறிப்போனேன்.

மூட்டை தயார். லாரியும் வந்துவிட்டது. ஆனால் மழையில் தெருவெல்லாம் சேறு. லாரி உள்ளே நுழையாது, மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. முதலாளி கையைப் பிசைவதற்குள் ஆப்பா முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, குனிந்து, ஒரு மூட்டையைத் தூக்கச் சொன்னார். அதைப் பார்த்து நான். என்னைப் பார்த்துத் தங்கவயல் அக்கா. ஆட்டோக்காரர்கள் தோளில். சிவப்பு வலைப்பைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேற்றைத் தாண்டி, சந்துமுனையைத் தாண்டி, மெயின் ரோட்டுக்கு வந்தன. ரோட்டின் அந்தப் பக்கம் லாரி. இந்தப் பக்கம் நாங்கள். நடுவில் ஓயாத வண்டிகள்.

ஒரு பஸ் எங்கள் மூக்கருகில் வந்து நின்றது. கண்டக்டர் படியிலிருந்து தலையை நீட்டி, என்ன ஊர்வலம் இது, எந்தச் சாமி என்று கன்னடத்தில் கேட்டார்.

"சிங்கப்பூர் போறோம்" என்றார் ஆப்பா, தலைச்சுமை அசையாமல். "வழி விட்டா போதும், டிக்கெட் வேணாம்."

கண்டக்டர் எங்களை ஒருமுறை பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார். படியிலிருந்து குதித்து ரோட்டின் நடுவில் போய் நின்று, இரண்டு பக்கமும் கையை விரித்து, நீளமாக ஒரு விசில் ஊதினார். வண்டிகள் நின்றன. நாங்கள் கடந்தோம்.